பேரனைப் பார்க்கத் தாத்தா பாட்டிக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். ஒரே மகன் இரண்டு ஆண்டுக்கு முன்னால் சாலை விபத்தில் இறந்துவிட்டார். மருமகள் ஆறு வயதுப் பையனோடு பொள்ளாச்சியில் பிறந்த வீட்டில் இருக்கிறார். முதலில் மாதம் ஒரு முறையாவது பேரனைப் பார்க்க முடிந்தது. விபத்து இழப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்று பேச்சு தடித்த பிறகு அதுவும் நின்றுவிட்டது. கடைசியாகப் போனபோது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்பவை நான்கு. பேரனைப் பார்க்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? வழக்குப் போட்டால் கேரளத்திலா, தமிழ்நாட்டிலா? போலீசில் புகார் கொடுக்கலாமா? இழப்பீட்டில் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்தால் மருமகள் மனம் மாறுமா?

ஐயா, எல்லையின் இரண்டு பக்கமும் குடும்ப வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்தக் கேள்வி வேலந்தாவளத்திலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் வருகிறது. பணி ஓய்வு பெற்றுத் தென்காசிப் பக்கம் இறங்கிவிட்ட மூணாறு எஸ்டேட் தொழிலாளர்களும் கேட்கிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது நாம் சோதனைச் சாவடியைப் பார்ப்பதில்லை. உறவு முறிந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது.

முதல் கேள்விக்கு நேரான விடை: ‘தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு’ என்று தனியாக ஒரு பிரிவு நம் நாட்டுச் சட்டம் எதிலும் இல்லை. மத்திய சட்ட ஆணையம் 2015-ல் அளித்த 257-வது அறிக்கையில், பெற்றோர் பிரியும்போது தாத்தா பாட்டியுடன் குழந்தை கழிக்கும் நேரத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. ஆண்டுகள் ஓடுகின்றன, குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் தனிப் பிரிவு இல்லை என்பதால் கதவு அடைபட்டுவிடவில்லை. 1984-ன் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், மைனர் குழந்தையின் பாதுகாவல், வளர்ப்பு ஆகியவற்றோடு குழந்தையை அணுகிப் பார்ப்பது தொடர்பான வழக்கையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. அந்த வழக்கைப் பெற்றவர்கள் மட்டுமே போட வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், மைனருக்குப் பாதுகாவலரை நியமிப்பது பற்றி 1890-ல் வந்த கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டத்தின் 8-வது பிரிவு, குழந்தையின் உறவினர் எவரும் மனுச் செய்யலாம் என்கிறது. அதன் 12-வது பிரிவின் கீழ், வழக்கு முடியும்வரை இடைக்கால ஏற்பாடும் கேட்கலாம். தாத்தா பாட்டிகள் உள்ளே போவது இந்த வழியாகத்தான்.

உள்ளே போன பிறகு நீதிபதி பார்ப்பது ஒன்றே ஒன்று: குழந்தையின் நலன். 1890-ன் சட்டத்தில் 17-வது பிரிவும், இந்துக்களுக்கான 1956-ன் மைனர், பாதுகாவலர் சட்டத்தில் 13-வது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. ‘என் ரத்தம், என் வம்சம், என் மகனின் ஒரே அடையாளம்’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவை உங்கள் துக்கத்தைச் சொல்கின்றன. நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டியது, உங்களைப் பார்க்காமல் இருப்பதால் அந்தப் பையன் எதை இழக்கிறான் என்பது. வழக்கின் பாதி வெற்றி, இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு மனு எழுதுவதில் இருக்கிறது. பலர் தோற்பதும் இங்கேதான்.

எப்படி என்று காட்டுகிறேன். என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பெரும்பாலும், மருமகள் மகனைச் சரியாகக் கவனிக்கவில்லை, சாவுக்கு அவளும் ஒரு காரணம், காரியம் முடிந்த மறுவாரமே நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று மூன்று பக்கம் இருக்கும். பேரனைப் பற்றி நான்கு வரி இருக்கும். அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போடச் சொல்வேன். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘பையன் பிறந்தது முதல் நான்கு வயதுவரை மனுதாரர்களின் வீட்டில் வளர்ந்தான். தடுப்பூசி போடப் பாலக்காட்டுச் சித்தூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனது முதல் மனுதாரரான அப்பத்தாதான். தினமும் மாலையில் தாத்தாவோடு தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவான். தந்தையை இழந்த அதே ஆண்டில் இந்த உறவும் அறுந்துபோனது.’ இதற்கு ஆதாரமாகத் தடுப்பூசி அட்டை, அங்கன்வாடியில் சேர்த்த விவரம், தேதியோடு உள்ள புகைப்படங்கள், பிறந்த நாளுக்கு அனுப்பித் திரும்பி வந்த பார்சலின் தபால் ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள். குற்றச்சாட்டு அடுக்கிய மனுவைப் படிக்கும் நீதிபதி, பையன் உங்கள் வீட்டுக்கு வந்தால் அவன் காதில் தாயைப் பற்றி என்னென்ன விழும் என்றுதான் யோசிப்பார். அப்படி யோசித்துச் சந்திப்பை மறுத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கோபத்தில் மருமகளுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் எதிர்த்தரப்பின் கோப்பில் வந்து சேரும் என்பதை இன்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்ன கேட்பது என்பது. பேரனை எங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். தந்தை இல்லாதபோது தாய்தான் இயற்கைப் பாதுகாவலர். அவர் வேலைக்குப் போகிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார், நன்றாகவே வளர்க்கிறார் என்றால் அவரிடமிருந்து எந்த நீதிமன்றமும் குழந்தையைப் பிரிக்காது. பிரிக்கவும் கூடாது என்பதே என் கருத்து. ஒப்படைக்கச் சொன்னால் அந்தத் தாய் பயந்துபோய் எல்லாக் கதவையும் சாத்துவார். சந்திப்பு மட்டும் போதும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பயம் அங்கேயே விலகும்.

ஆந்திரத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது. தந்தை இறக்கும்போது குழந்தைக்கு இரண்டரை மாதம். தாய் பிறகு மறுமணம் செய்துகொண்டார். தந்தையைப் பெற்றவர்கள் தங்களைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டார்கள். குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பது நல்லதல்ல என்று விசாரணை நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் வரம்புக்கு உட்பட்டுப் பேரனைப் பார்க்க அனுமதி தந்தது. பிறகு பையனின் குடும்பப் பெயர் எது என்ற தகராறு மேலே போய், தந்தை இறந்த நிலையில் அதை முடிவு செய்யும் உரிமை தாய்க்கே என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாவலும் பெயரும் தாயின் முடிவு. பாட்டி தாத்தாவுக்குக் கிடைத்தது சந்திப்பு. நீங்களும் எதிர்பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான்.

பெற்றவர்கள் இருவரும் இல்லாத குழந்தையின் கதை வேறு. கோவிட் இரண்டாம் அலையில் தாயையும் தந்தையையும் இழந்த ஒரு சிறுவனைத் தாயின் சகோதரி கேட்டார், தந்தையைப் பெற்றவர்களும் கேட்டார்கள். தாத்தாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, சித்தி வயதில் இளையவர், சம்பாதிப்பவர் என்பதெல்லாம் எடுத்து வைக்கப்பட்டன. வருமானமும் வயதும் மட்டுமே அளவுகோல் ஆகாது என்று சொல்லி, 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டியிடமே பையனை ஒப்படைத்தது. தாயைப் பெற்றவர்களுக்கும் இதே கதவு உண்டு. வரதட்சணைக் கொடுமையில் மகள் இறந்து, மருமகன் மேல் வழக்கு நிலுவையில் இருந்த ஒரு நிலையில், சிறுவனின் விருப்பத்தையும் கேட்டுவிட்டு, 2008-ல் உச்ச நீதிமன்றம் அம்மா வழித் தாத்தா பாட்டியிடமே அவனை விட்டது. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழுந்தால் இன்னொன்றும் சேரும்: முஸ்லிம் சட்டத்தின் ஹனஃபி முறையில் சிறு குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கு அடுத்துத் தாயின் தாய்க்கும், அவருக்குப் பின் தந்தையின் தாய்க்கும் என்று வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. அங்கும் கடைசி வார்த்தை குழந்தையின் நலனுக்குத்தான்.

மகன் உயிரோடு இருந்து விவாகரத்து நடக்கிறது என்றால் தனி வழக்கே தேவைப்படாமல் போகலாம். மகன் கேட்கும் சந்திப்பு உத்தரவிலேயே ‘அந்த நேரத்தில் தாத்தா பாட்டியும் உடன் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் போதும். மகன் வளைகுடாவில் வேலை செய்யும் வீடுகளில் இந்த ஒரு வரி விடுபட்டுப்போவதால், மகன் விமானம் ஏறியதும் பெரியவர்கள் தனித்துப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்து, இருவருமே பிள்ளையைக் காட்ட மறுக்கிறார்கள் என்றால், வழக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது ஊர்ப் பெரியவர்களும் நேரமும் தீர்க்க வேண்டியது.

இரண்டாவது கேள்வி, எந்த மாநிலம்? பையன் வழக்கமாக எங்கே வசிக்கிறானோ அந்த இடத்து நீதிமன்றம். 1890-ன் சட்டத்தில் 9-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், ரேஷன் அட்டை எந்த மாநிலத்துடையது, மகனின் திருமணம் எங்கே நடந்தது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. பேரன் பொள்ளாச்சியில் இருந்து பள்ளிக்குப் போகிறான் என்றால் வழக்கு கோவை மாவட்டத்தில். அதற்குள் எந்த நீதிமன்றத்தின் எல்லை என்பதை அங்குள்ள வக்கீல் பார்த்துச் சொல்வார். பாலக்காட்டில் போட்டால் சில மாதங்கள் கழித்து ‘எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று திரும்பி வரும். அந்த மாதங்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. ஒரு மாநிலத்து வழக்கை இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். அந்த நிலைக்கு வழக்கைத் தள்ளாதீர்கள். இதே பிரச்சினை தலைகீழாக, பேரப்பிள்ளை கேரளத்திலோ, நகரி, சத்தியவேடு பக்கம் ஆந்திரத்திலோ இருந்தால், சட்டம் இதுவே. நீதிமன்றத்து மொழி மட்டும் மலையாளமாகவோ தெலுங்காகவோ இருக்கும். அப்போது, உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய பிரமாண வாக்குமூலத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலோ குமாஸ்தாவோ முழுவதையும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னதாகக் கீழே எழுதவும் வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

மூன்றாவது, போலீஸ். வேண்டாம். தாயிடம் பிள்ளை இருப்பது குற்றமில்லை, போலீஸ் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. பள்ளி விடும் நேரத்துக்குப் போய்ப் பையனை அழைத்து வந்துவிடலாம் என்று சொந்தக்காரர் யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். சட்டப்பூர்வப் பாதுகாவலரின் சம்மதம் இல்லாமல் குழந்தையைக் கூட்டிப்போவது கடத்தல். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137-வது பிரிவில் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அப்பத்தா என்பதால் விலக்கு கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் தீர்ப்பாயத்துக்கு மனுக் கொடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். 2007-ன் அந்தச் சட்டம் பெரியவர்களின் ஜீவனாம்சத்துக்கும் சொத்துப் பாதுகாப்புக்கும் உரியது. பேரனைக் காட்டச் சொல்லும் அதிகாரம் அதில் இல்லை.

ஒருவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். 2025 ஜனவரியில், மகனை இழந்த ஒரு பாட்டி பேரனைக் கேட்டு உச்ச நீதிமன்றத்தில் அப்படி ஒரு மனுவோடு நின்றார். குழந்தைக்கு நீங்கள் அந்நியர், போய்ப் பார்ப்பதானால் பாருங்கள், வளர்ப்புரிமை வேண்டுமானால் அதற்கு வேறு வழக்குமுறை இருக்கிறது என்று நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். கடைசியில் பையன் தாயிடமே இருந்தான். படித்த அன்று எனக்கு மனம் கனத்துப்போனது. ஆனால் அந்தச் சொல்லில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை இரண்டு ஆண்டில் ஒரு முகத்தை மறந்துவிடும். மறந்த பிறகு ‘அவனுக்கு உங்களைத் தெரியவே இல்லையே’ என்பதே உங்களுக்கு எதிரான வாதமாகிவிடும். அதனால் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இன்னொரு பொங்கலைக் கடத்தாதீர்கள்.

என் யோசனையில் முதல் படி வழக்கும் அல்ல, வக்கீல் நோட்டீசும் அல்ல. நோட்டீஸ் தபாலில் போய்ச் சேர்ந்த அன்றே அந்த வீட்டில் உங்களுக்கு எதிராக ஒரு வக்கீல் அமர்த்தப்பட்டுவிடுவார். பொள்ளாச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். வழக்குக்கு முந்தைய சமரசம் வேண்டும் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் இல்லை. இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள். ஒத்துப்போனால் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவு செய்யலாம். அதற்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு. சமரசம் முறிந்து வழக்குத்தான் என்றானால், முதல் மனுதாரராக உங்கள் வீட்டம்மாவின் பெயரைப் போடுங்கள். 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் விவரம் கேட்கலாம்.

சமரசத்திலும் சரி, வழக்கிலும் சரி, சிறிதாகவும் துல்லியமாகவும் கேளுங்கள். ‘அவ்வப்போது பார்க்க அனுமதிக்க வேண்டும்’ என்ற உத்தரவு ஒன்றுக்கும் உதவாது. மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை, முதல் மூன்று மாதம் பொள்ளாச்சியிலேயே தாய்க்கு நம்பிக்கையான ஒருவர் வீட்டில், பிறகு பகல் முழுதும், பழகிய பின் மே விடுமுறையில் ஒரு வாரம் தோப்பு வீட்டில் என்று படிப்படியாகக் கேட்டால் கொடுக்க மனம் வரும். விடுமுறை கேட்கும்போது பையன் படிக்கும் பள்ளியின் நாள்காட்டியைப் பாருங்கள். உங்கள் ஊரில் ஓணத்துக்குப் பத்து நாள் பள்ளி அடைத்திருக்கும். அங்கே அவனுக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு வீடியோ அழைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களில் இருக்கும்போது தொலைபேசி, வீடியோ வழித் தொடர்பும் குழந்தையின் வளர்ச்சிக்கு முக்கியம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. அது பெற்றோரைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், உங்கள் வக்கீல் அதை எடுத்து வைக்கலாம்.

நீதிமன்ற வளாகத்திலேயே சந்திப்பு என்று உத்தரவானால், தட்டாமல் ஒத்துக்கொள்ளுங்கள். இனிமையான இடம் என்று சொல்ல மாட்டேன். சுவரில் கார்ட்டூன் படம் ஒட்டிய ஓர் அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சக்கரம் கழன்ற கார் பொம்மை, பக்கத்து மேசையில் இன்னொரு குடும்பம். பையன் முதல் அரை மணி நேரம் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நிற்பான். அந்த நேரத்தில் ‘தாத்தாவை ஞாபகம் இருக்கா, ஏன்டா வரமாட்டேங்கிற’ என்று அழுதுவிடாதீர்கள். குழந்தை பயந்துபோகும், அன்றைய குறிப்பிலும் அது ஏறும். வண்ணப் பென்சிலும் ஒரு நோட்டும் கொண்டுபோய் நீங்களே வரைய ஆரம்பியுங்கள். தானாக வருவான். தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். விலை உயர்ந்த பரிசும் வேண்டாம், அது அடுத்த தகராறுக்கு விதை.

உத்தரவு கிடைத்தும் காட்டவில்லை என்றால், அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். போன தேதி, காத்திருந்த நேரம், வந்த பதில் ஆகியவற்றை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதல் தடவையே அவமதிப்பு வழக்கு என்று பாயாதீர்கள். பையனுக்குக் காய்ச்சலாகக்கூட இருந்திருக்கும். மருமகள் நாளை மறுமணம் செய்துகொள்வதாக இருந்தால் மனதார வாழ்த்துங்கள். ஆனால் புதுக் கணவர் பையனைச் சட்டப்படி தத்தெடுத்தால் பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு அறுந்துவிடும். சந்திப்பு கேட்கும் உங்கள் நிலையும் பலவீனமாகும். இன்றே பேசித் தீர்த்து எழுத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

கடைசிக் கேள்வி, இழப்பீடு. இறந்தவரின் வருமானத்தைச் சார்ந்திருந்தவராகத் தாயைக் கருதலாம், தந்தையை ஆதாரம் இல்லாமல் அப்படிக் கருத முடியாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் பொது விதி வகுத்தது. அதன்படி உங்கள் வீட்டம்மாவின் பங்கு நியாயமான பங்கு. உங்கள் பங்குக்குத் தனி ஆதாரம் வேண்டும். பேரனின் பங்கைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். மைனரின் தொகையைத் தீர்ப்பாயம் வங்கியில் வைப்பாகப் போட்டு, 18 வயதுவரை அசலை எடுக்க முடியாமல் வைப்பதுதான் நடைமுறை. அதனால் ‘பங்கை விட்டுத் தருகிறோம், பையனைக் காட்டு’ என்று பேசாதீர்கள். குழந்தையை வைத்துப் பேரம் நடந்தது என்று அது எழுத்தில் ஏறினால் இரண்டு தரப்புக்கும் அசிங்கம், சந்திப்பு வழக்கும் கெட்டுவிடும். உங்கள் வீட்டம்மா தன் பங்கில் ஒரு பகுதியைப் பேரனுக்குக் கொடுக்க விரும்பினால், பேரன் பெயரிலேயே வைப்பாகப் போட்டுவிடுங்கள் என்று இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவாகச் சொல்லட்டும். சந்திப்பைப் பற்றிப் பொள்ளாச்சிச் சமரச மேசையில், வேறொரு நாளில், தனித் தாளில் பேசுங்கள்.